பங்களா மரபுரிமை என்றால் லயம் என்ன?

கோத்தகிரியிலிருந்து நண்பர் ஒருவர் பேத்தியுடன் கண்டிக்கு வந்திருந்தார். ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 1970களில் பெற்றோருடன் தலைமன்னாரில் கப்பலேறியபோது அவருக்கு வயது பதினொன்று. நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றுவிட்டார். அங்கே இன்றும் அவரைச் 'சிலோன்காரர்' என்றுதான் அழைக்கிறார்களாம். இங்கே இருந்தபோது 'இந்தியாக்காரன்' என்றார்கள். இந்த இரட்டைப் பட்டத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இன்று வேறு விடயம்.

பேத்திக்கு நான்கு இடங்களைக் காட்ட வேண்டும் என்றார். தலதா மாளிகை, கண்டி வாவி, ஹந்தானைத் தேயிலை நூதனசாலை ஆகிய மூன்றும் ஒரே பகலில் முடிந்தன. நான்காவது, அவர் பிறந்த லயம்.

மறுநாள் புறப்பட்டுப் போனோம். தோட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்லவரும் கதை ஒரு தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. கோவிலடியில் இறங்கி, நினைவில் நின்ற பாதையில் நண்பர் முன்னே நடந்தார். பீலித் தண்ணீர் விழும் இடம் அப்படியே இருந்தது. அதற்கு மேலே லயம் இருந்திருக்க வேண்டும். அங்கே ஆளுயரத்துக்கு மானாப்புல் வளர்ந்திருந்தது. விறகுக் கட்டுடன் வந்த மூதாட்டி ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார்.

"அங்கனதாங்க ஐயா இருந்துச்சு ஒன்பதாம் நம்பர் லயம். மண்ணு சரியும்னு சொல்லி ஆளுகள மேல அனுப்பிச்சிட்டு இடிச்சிட்டாங்க. கல்லெல்லாம் ரோட்டுக்குப் போயிருச்சு."

நண்பர் ஒன்றும் பேசவில்லை. புல்லுக்குள் சிறிது தூரம் நடந்துபோய்த் திரும்பி வந்தார். நிமிர்ந்து பார்த்தால் குன்றின் உச்சியில் துரை பங்களா. வெள்ளையடித்த சுவர், செப்பனிட்ட கூரை, வாசலில் ஆங்கிலப் பலகை. இப்பொழுது அது வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் விடுதி. எட்டிப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டோம். முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அனுமதி என்று காவலாளி மரியாதையாகவே சொன்னார்.

இறங்கி வரும்போது பேத்தி கேட்டாள்: "தாத்தா, உங்க வீட்டைவிட அந்தத் துரை வீடு ரொம்பப் பழசா?"

"ரெண்டும் ஒரே காலத்துலதான் கட்டினது, கண்ணு" என்றார் நண்பர்.

அந்தப் பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. ஒரே காலத்தில், ஒரே தோட்டத்தின் பணத்தில், ஒரே மலையில் வெட்டியெடுத்த கல்லில், ஒரே ஆட்களின் கையால் எழுந்தவை இரண்டு கட்டடங்கள். ஒன்று மரபுரிமை ஆயிற்று. மற்றது வீதிக்குச் சல்லியாயிற்று. இதை முடிவு செய்தவர் யார்? எந்த அளவுகோலைக் கொண்டு?

*

சட்டத்திலிருந்தே தொடங்குவோம். இந்நாட்டில் பழம்பொருட்களைக் காப்பதற்கான அடிப்படைச் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். எது தொல்பொருள், எது பழைய நினைவுச்சின்னம் என்பதற்கு அது ஒரு தேதியை எல்லையாக வைத்திருக்கிறது. 1815 மார்ச் 2. கண்டியின் மகுல் மடுவத்தில் பிரதானிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு இராச்சியத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த நாள் அது. அந்நாளுக்கு முற்பட்டது என்றால் சட்டத்தின் கண்ணில் இயல்பாகவே பழமை. அதற்குப் பிற்பட்ட கட்டடம் காக்கப்பட வேண்டுமானால், அதைத் தனியே குறிப்பிட்டு அமைச்சர் வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். யாராவது கேட்க வேண்டும். யாராவது இசைய வேண்டும்.

மலையகத் தமிழரின் முன்னோர் பெருந்தோட்டங்களுக்கு வரத் தொடங்கியது 1820களில். கம்பளையை அடுத்த சிங்கபிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிடத் தொடங்கிய காலம். 2023இல் 'மலையகம் 200' என்று நினைவுகூர்ந்து, அந்த முன்னோரின் தடம்பற்றித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்தக் கணக்கின் தொடக்கம் அதுதான். சட்டம் வரலாற்றுக் கதவை 1815இல் சாத்துகிறது. இந்த மக்கள் அதன் பின்னர் வந்து நிற்கிறார்கள். திட்டமிட்டு இவர்களை விலக்குவதற்காகவே அந்தத் தேதியை வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. விளைவு என்னவோ அதுதான். இரு நூற்றாண்டு கால வாழ்வு முழுவதும், யாராவது பரிந்து பேசினால் மட்டுமே மரபுரிமை ஆகக்கூடிய வரிசையில் நிற்கிறது.

துரை பங்களாவும் 1815க்குப் பிற்பட்டதுதானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பங்களாவுக்காகப் பரிந்து பேச ஆளிருந்தது. சட்டம் காக்காததைச் சந்தை காத்தது. காசல்றீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய துரை பங்களாக்கள் 2005 முதல் உலகப் புகழ்பெற்ற சொகுசு விடுதிகளாக இயங்குகின்றன. கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1990களில் நட்சத்திர ஹோட்டலாக மாறியது. பாழடைந்து கிடந்த தொழிற்சாலையை இடிக்காமல் காத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஹந்தானையிலும் 1925இல் கட்டப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட தொழிற்சாலையைத்தான் செப்பனிட்டு 2001இல் நூதனசாலையாகத் திறந்தார்கள். கொழுந்து உருட்டும் இயந்திரங்களும் உலர்த்திகளும் அங்கே அக்கறையோடு துடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. அது பெரும்பாலும் இயந்திரங்களின் நூதனசாலை. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. எனது கேள்வி அதைப் பற்றியதன்று. இயந்திரத்துக்கு ஒரு கூடம் கட்ட முடிந்த நாட்டில், அந்த இயந்திரத்துக்குக் கொழுந்து சுமந்த மனிதர் வாழ்ந்த அறைக்கு ஒரு கூடம் அமைக்க அரசுக்கு ஏன் இன்னும் தோன்றவில்லை?

கண்டி நகருக்குள்ளேயே பாருங்கள். தலதா மாளிகைக்கும் தேசிய நூதனசாலைக்கும் பின்னே சிறிய மேட்டில் பிரித்தானியப் படைமுகாம் மயானம் இருக்கிறது. ஏறத்தாழ இருநூறு கல்லறைகள். ஒவ்வொன்றிலும் யார், எந்த ஊர், எந்த வயதில், எதனால் இறந்தார் என்பது தெரியும். காட்டு யானை மிதித்து இறந்த ஜோன் ஸ்பொட்டிஸ்வுட் ரொபர்ட்சனின் கதையைக் காவலாளி உங்களுக்குச் சுவையாகச் சொல்வார். புல் வெட்டி, கல் துடைத்து, பார்ப்போர் மனம் நெகிழும்படி பேணுகிறார்கள். பேணட்டும். அதே காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்து வந்தவர்களில் வாந்திபேதியாலும் பசியாலும் ஆயிரக்கணக்கானோர் வழியில் மாண்டார்கள். அவர்களுக்குக் கல்லுமில்லை, பெயருமில்லை.

இன்னுமொன்று. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு இந்நாட்டின் பொருளாதாரத்தையே மாற்றியவர் ஜேம்ஸ் டெய்லர். 1852இல் இளைஞராக வந்து, 1892இல் அதே தோட்டத்தில் இறந்தார். அவர் அமர்ந்து மலையைப் பார்த்த கல் இருக்கை இன்றும் காட்டப்படுகிறது. குடிசையின் எச்சம் காட்டப்படுகிறது. கண்டி மஹியாவ மயானத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. அவருடைய உடலை லூல்கந்துரவிலிருந்து கண்டிவரை மலைப்பாதையில் சுமந்து வந்தவர்கள் இருபத்துநான்கு தொழிலாளர் என்றும், இரு அணிகளாக மாறிமாறித் தோள் கொடுத்தார்கள் என்றும், பின்னால் நடந்து வந்தோர் 'சாமி துரை' என்று அவரைப் போற்றினார்கள் என்றும் தேயிலை வரலாறு எழுதுவோர் நெகிழ்ந்து எழுதுவார்கள். நானும் என் இளமைக்காலக் கட்டுரையொன்றில் அப்படித்தான் எழுதினேன். அந்த இருபத்துநால்வரில் ஒருவருடைய பெயரையாவது தேட வேண்டும் என்று எனக்கு அன்று தோன்றவில்லை. பங்களாவின் ரோசாத் தோட்டத்தை ஒரு பந்தி வருணித்த நான், கீழே இறங்கி லயத்தைப் பார்க்காமலேயே திரும்பினேன். ஆகவே இந்தக் கட்டுரையில் நான் குற்றம் சாட்டுவோரின் வரிசையில் எனக்கும் ஓரிடம் உண்டு.

அதே ஹேவாஹெட்டைப் பகுதியில்தான் முல்லோயாத் தோட்டமும் இருக்கிறது. 1940 ஜனவரியில் சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். தோட்டத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் தியாகி என்று மலையகம் போற்றும் பெயர் அது. டெய்லரின் கல் இருக்கைக்கு வழி சொல்லும் சுற்றுலாக் குறிப்புகள் பலவற்றைப் படித்திருக்கிறேன். அவற்றில் ஒன்றிலேனும் கோவிந்தனின் பெயரை இதுவரை நான் கண்டதில்லை.

*

"லயத்தில் என்ன கட்டடக்கலை இருக்கிறது?" என்று கேட்பவர்களை எனக்குத் தெரியும். கட்டடக்கலை படித்தவர்களே கேட்டிருக்கிறார்கள். எம்பக்கையின் மரத்தூண்களைப் பார்த்த கண்ணுக்கு லயம் வெறும் மாட்டுக் கொட்டில். ஆனால் ஒரு கட்டடம் அழகாக இருப்பதால் மட்டும் அது வரலாறு சொல்வதில்லை.

லயத்தைச் சற்று நின்று வாசியுங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா ஒன்று. முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. பெரும்பாலானவற்றில் சன்னல் கிடையாது. அடுத்த காம்பராவுக்கும் இதற்கும் பொதுச் சுவர். கூரைக்குக் கீழே சுவர் முடியும் இடத்தில் இடைவெளி. ஒரு வீட்டின் இருமல் மறு வீட்டுக்குக் கேட்கும். ஒற்றை லயமானால் ஒரு வரிசை. இரட்டை லயமானால் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசை; பின்வாசல் என்ற பேச்சுக்கே இடமில்லை. கோப்பிக் காலத்தில் மண்சுவரும் புல்கூரையும். பின்னர் கல்லும் சுண்ணாம்பும், மேலே தகரம். அடுப்பு இஸ்தோப்பின் மூலையில். மழைக்காலத்தில் புகை வெளியே போக வழியின்றி உள்ளே திரும்பும். தண்ணீருக்குப் பொதுப் பீலி. மூன்று தலைமுறை, ஒரே காம்பரா.

இந்த அளவுகள் தற்செயலாக வந்தவை அல்ல. கங்காணி அழைத்து வந்த கும்பலைக் கும்பலாகவே அடைத்து வைக்கவும், விடியுமுன் தப்பொலி கேட்டதும் பிரட்டுக்களத்துக்குக் கிளப்பவும், எத்தனை தலை என்று எண்ணவும் ஏற்ற வடிவம் அது. லயம் அமைந்த இடத்தைப் பாருங்கள். தேயிலைக்கு உதவாத சரிவு, பள்ளம், ஓடைக்கரை. நல்ல மண் செடிக்கு, மீந்த மண் மனிதருக்கு. பங்களா எங்கே இருக்கிறது? உச்சியில். அங்கிருந்து பார்த்தால் தொழிற்சாலை தெரியும், பிரட்டுக்களம் தெரியும், லயத்து வாசல் தெரியும். லயத்திலிருந்து அண்ணாந்தால் பங்களாவின் கூரை மட்டுமே தெரியும். தோட்ட முறை என்ன என்பதை விளக்க நூறு பக்கம் எழுதும் ஆய்வாளர்கள் உண்டு. ஒரு பங்களாவையும் ஒரு லயத்தையும் ஒருசேரப் பார்த்த பள்ளிப் பிள்ளைக்கு அது பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். இரண்டில் ஒன்றை மட்டும் பேணினால் அந்தப் பிள்ளைக்கு விளங்குவது வேறு கதை. ரோசாத் தோட்டத்தின் கதை.

அடைத்து வைக்கக் கட்டிய அந்த வரிசைக்குள் மனிதர் எதைக் கட்டிக்கொண்டார்கள் என்பதும் அங்கேதான் இருக்கிறது. லயத்து வாசலில் காமன் கூத்து ஆடினார்கள். பொன்னர் சங்கர் கதையை இரவிரவாகக் கேட்டார்கள். வெளியார் நுழையவே அனுமதியில்லாத காலத்தில் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டத்துக்குள் போனார் என்பார்கள். அவர் பேசியது யாரிடம்? இஸ்தோப்பில் குந்தியிருந்தவர்களிடம்தான். கடன் தீர்ந்ததற்கான துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது என்ற முறை 1921இல் ஒழியும்வரை, தப்பி ஓட நினைத்தவர் எத்தனை பேர் இந்தக் காம்பராக்களில் விழித்திருந்து விடிவதை எண்ணியிருப்பார்கள்! அவமானமும் அங்கே இருக்கிறது. அவமானத்தை மீறி வாழ்ந்த பெருமையும் அங்கேதான் இருக்கிறது.

*

இனி, இதற்கு எழும் மிக வலுவான எதிர்ப்பைச் சொல்ல வேண்டும். அது சுற்றுலாக்காரரிடமிருந்தோ கட்டடக்கலைஞரிடமிருந்தோ வரவில்லை. லயத்திலேயே பிறந்து, படித்து, இன்று ஆசிரியராக இருக்கும் ஓர் இளைஞரிடமிருந்து வந்தது. லயத்தைப் பேண வேண்டும் என்று நான் ஒரு கூட்டத்தில் பேசியபோது அவர் எழுந்தார்.

"ஐயா, உங்களுக்கு அது நூதனசாலை. எங்க அம்மா இன்னைக்கும் அதுலதான் சமைக்கிறாங்க. கூரை ஒழுகுது. முதல்ல எங்கள வெளியே எடுங்க. அப்புறம் அத இடிச்சு, அந்த இடம் தெரியாம ஆக்குங்க. எங்க பிள்ளைங்க அதப் பார்க்கவே வேண்டாம்."

கூட்டத்தில் கைதட்டல் எழுந்தது. நானும் தட்டினேன். அவர் சொன்னதில் முதற்பாதி முழு உண்மை. மக்கள் குடியிருக்கும் லயத்தை 'மரபுரிமை' என்று அறிவித்துவிட்டு, ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்க வேண்டும் என்று சட்டம் பேசினால் அது கொடுமை. 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மலைகள் சரிந்தன, கண்டி மாவட்டமும் பேரிழப்பைச் சந்தித்தது. சரிவில் நிற்கும் லயத்தில் இன்னும் ஒரு மழைக்காலம் மனிதரை விட்டுவைப்பது குற்றம். 1987இன் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குச் செலவு செய்யவே வழிவிடாமல் இருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். வீட்டுக்கு உறுதி இல்லை, வாசலுக்கு முகவரி இல்லை, கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து அங்கிருந்து கைமாறி வரும் நிலை. இத்தனையையும் வைத்துக்கொண்டு 'பழமை பேணுவோம்' என்று பேசுவது வெட்கக்கேடு. முதலில் வீடு. நிலத்தோடு, உறுதியோடு, முகவரியோடு வீடு. இதில் எனக்கும் அந்த ஆசிரியருக்கும் அணுவளவும் வேறுபாடில்லை.

இரண்டாம் பாதியில்தான் வேறுபடுகிறேன். இடம் தெரியாமல் ஆக்கினால் யாருக்கு இலாபம்? தன் பிள்ளை அவமானத்தைப் பார்க்க வேண்டாம் என்று அவர் நினைக்கிறார். அவமானப்படுத்தியவரின் பிள்ளையும் அதைப் பார்க்காமல் போய்விடும் என்பதை அவர் எண்ணவில்லை.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் வில்லியம்ஸ்பர்க் என்றொரு பழைய நகரம் உண்டு. 1699 முதல் 1780 வரை அங்குதான் வர்ஜீனியாவின் தலைநகர். 1926 முதல் ரொக்ஃபெல்லரின் பணத்தில் அதன் பதினெட்டாம் நூற்றாண்டு வீடுகளையும் ஆளுநர் மாளிகையையும் மதுச்சாலைகளையும் பழையபடி எழுப்பினார்கள். பழைய உடையணிந்த ஆட்கள் வரவேற்பார்கள், குதிரை வண்டி ஓடும். உலகெங்கும் பழைய ஊர் பேணுவோருக்கு அது ஒரு முன்மாதிரி. அந்த ஊரில் அன்று வாழ்ந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பின மக்கள். மிகப் பெரும்பாலோர் அடிமைகள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் அவர்களைப் பற்றி அங்கே பேச்சே பெரிதாக இல்லை. 1979க்குப் பின்னரே அவர்களுடைய வாழ்வை முறையாகச் சொல்லத் தொடங்கினார்கள். 1994இல் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டியபோது கறுப்பின உரிமை அமைப்பினரே எதிர்த்துக் குரல் எழுப்பினர். எங்கள் வேதனை உங்களுக்குக் கேளிக்கையா என்று கேட்டனர். நம் ஆசிரியரின் கேள்வியும் இதுவே. ஏலக் காட்சியைக் கடைசிவரை பார்த்த பின்னர், எதிர்க்க வந்த முக்கியஸ்தர் ஒருவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார் என்பதும் பதிவாகியிருக்கிறது. 2014இல் லூசியானாவில் விட்னி என்ற பழைய கரும்புத் தோட்டம் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அங்கே மாளிகையைவிட அடிமைகளின் கதைக்கே முதலிடம். அவர்களுடைய பெயர்கள் சுவர்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

நமக்கு இன்னும் நெருங்கிய உறவு மொரிசியஸ். தமிழகத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் கரையேறிய ஆப்பிரவாசி காட் என்ற இடம் 2006இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. எஞ்சியிருப்பவை சில படிக்கட்டுகளும் சில சுவர்களும்தான். கலையழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் அந்த வழியாக வந்தார்கள் என்பதே அதன் பெருமை. மொரிசியஸ்காரர் அந்தப் படிகளை இடித்து இடம் தெரியாமல் ஆக்கியிருந்தால் யுனெஸ்கோ எதைப் பட்டியலில் எழுதியிருக்கும்? கண்டி நகரம் 1988 முதல் அதே பட்டியலில் இருக்கிறது. கண்டியைச் சூழ்ந்த மலைகளில் வாழ்ந்து மடிந்தவர்களின் ஒரு கல்லாவது எந்தப் பட்டியலிலாவது இருக்கிறதா?

இதில் உணர்ச்சியைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது சான்று. 1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. மறுவருடம் வந்த இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் விண்ணப்பிக்க வழிவிட்டது. மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து இங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டும் என்றது. லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவரிடம் என்ன பத்திரம் இருந்திருக்கும்? வீட்டு உறுதியா, வரிச்சீட்டா? செக்ரோல் தோட்டத்து அலுவலகத்தில் இருந்தது. சான்று காட்ட முடியாமல் தோற்ற குடும்பங்கள் எத்தனை! அந்தத் தோல்வியின் தொடர்ச்சியாகவே 1964இன் ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. என் நண்பர் பதினொரு வயதில் கப்பலேறினார். ஒருமுறை சான்று இல்லாமல் நாட்டையே இழந்த சமூகம், கையிலிருக்கும் கடைசிச் சான்றையும் தானே முன்வந்து இடித்துப்போடலாமா?

*

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயமொன்றில் தேயிலைத் தொழிலாளர் நூதனசாலையும் ஆவணக் காப்பகமும் 2007 முதல் இருக்கின்றன. கண்டியைத் தளமாகக் கொண்ட சமூக அபிவிருத்தி நிறுவகம் அமைத்தது. மக்கள் பயன்படுத்திய பாத்திரங்களும் கருவிகளும் வாத்தியங்களும் ஆவணங்களும், அவர்கள் வாழ்ந்த அதே வகைக் காம்பராக்களுக்குள் வைக்கப்பட்டிருக்கின்றன. அரசின் கருவூலமோ பெரிய கம்பனிகளோ செய்யாததை ஒரு சிறிய தொண்டு நிறுவனம் செய்தது. கண்டிக்கு வருவோரில் ஹந்தானைக்கு ஏறுவோர் பலர். ஓல்ட் பீகொக்குக்குப் போவோர் சிலர். அந்தச் சிலரில் நம்மவர் எத்தனை பேர் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். தம் பள்ளிப் பிள்ளைகளைப் பேராதனைப் பூங்காவுக்கு ஏற்றிச் செல்லும் மலையகப் பாடசாலைகள், அதே பயணத்தில் இன்னும் சில மைல் நீட்டினால் என்ன?

ஆனால் எல்லாச் சுமையையும் ஒரு தொண்டு நிறுவனத்தின் தோளில் போட்டுவிட்டு நாம் ஒதுங்க முடியாது. நான் கேட்பவை நான்கு.

ஒன்று, ஒரு லயம் இடிக்கப்படுமுன் அது அளந்து வரையப்பட வேண்டும். படம் பிடிக்கப்பட வேண்டும். அங்கே வாழ்ந்த குடும்பங்களின் பெயர்கள் எழுதப்பட வேண்டும். புதிய வீடுகள் எழும் வேகத்தில் இதை இன்று செய்யாவிட்டால் என்றுமே செய்ய முடியாது. இதற்குக் கோடிகள் தேவையில்லை. பேராதனைப் பல்கலைக்கழகம் மலையடிவாரத்திலேயே இருக்கிறது. மாணவரும் ஒரு அளவு நாடாவும் போதும்.

இரண்டு, மண்சரிவு அபாயமில்லாத இடத்தில், மக்கள் அனைவரும் நல்ல வீட்டுக்குப் போன பின்னர், ஒரு தோட்டத்தை முழுமையாகப் பேண வேண்டும். லயம் மட்டும் போதாது. பங்களா, தொழிற்சாலை, பிரட்டுக்களம், கொழுந்து மடுவம், பிள்ளைக் காம்பரா, கோவில், மயானம் எல்லாம் சேர்ந்த ஒரு தோட்டம். மேலும் கீழுமாக அவை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். அந்த மேல்கீழ்தான் பாடம்.

மூன்று, 1815க்குப் பிற்பட்ட கட்டடங்களை அறிவிக்கும் அதிகாரம் சட்டத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தி அந்தத் தோட்டத்தை வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். மலையகத்துக்கென்று பாராளுமன்றத்தில் பேசுவோர் சம்பளத்துக்கும் வீட்டுக்கும் எழுப்பும் குரலோடு இதையும் ஒருமுறையாவது எழுப்பட்டும்.

நான்கு, அதை நடத்துவோர் அம்மக்களாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். இஸ்தோப்பில் பூச்சட்டி தொங்கும். காம்பராவில் மெத்தை விரிப்பார்கள். 'கூலி வாழ்க்கை, ஓரிரவு அனுபவம்' என்று டொலரில் விலை எழுதுவார்கள். அதைக் காண்பதைவிட மானாப்புல்லே மேல்.

*

நண்பர் ஊருக்குத் திரும்புமுன் ஓல்ட் பீகொக்குக்கு அவரை அழைத்துப் போனேன். அவருடைய லயம் அதுவன்று. இருந்தாலும் காம்பராவுக்குள் நுழைந்ததும் கதவருகே சுவரில் கையை வைத்தார். "விளக்கு இங்கனதான் இருக்கும்" என்றார். மூலையைக் காட்டி, "அம்மா இங்க, பாட்டி அங்க, நாங்க அஞ்சு பேரும் இந்தப் பக்கம்" என்றார். பேத்தி அறையை நீளவாக்கில் அடிவைத்து அளந்தாள். அகலவாக்கிலும் அளந்தாள். பிறகு தாத்தாவைப் பார்த்தாள்.

"எட்டுப் பேருமா?" என்று கேட்டாள்.

இரண்டு நாளாக நண்பர் சொல்லிச் சொல்லி விளங்காத ஒன்று, அந்தச் சிறுமிக்கு அந்தச் சுவர்களுக்கு நடுவே விளங்கியது. கோத்தகிரியிலும் ஹேவாஹெட்டையிலும் இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளும் அதே கேள்வியைக் கேட்க ஓரிடம் வேண்டும். அவர்கள் வந்து நிற்கும்போது நாம் மானாப்புல்லைக் காட்டப்போகிறோமா?